ஆலையில்லா ஊருக்கு

இரவு ஒன்றரை. ஜூரோங் துறைமுக வாசல்.
என் கையில் ஐந்து மீட்டர் மூங்கில்,
நுனியில் சிவப்பு நாடா.
கிளையோ கம்பியோ நாடாவைத் தொட்டால்
விசில் ஊத வேண்டும்.
இதற்குத்தான் சம்பளம்.

பின்னால் தாழ்தள லாரி.
அதன்மேல் சங்கிலி பூட்டி நிற்கிறது
ஜாவாவின் கரும்பாலை ஒன்றுக்கு
எழுபது அறுவடை இழுத்துக் கொடுத்த நீராவி எஞ்சின்.
தண்டவாள அகலம் எழுநூறு மில்லிமீட்டர்.
என் வீட்டுக் குளியலறைக் கதவு அதைவிடப் பெரிது.
"இது ரயிலா? கெட்டில்" என்கிறான் ஜுரைமி,
ஸ்டீயரிங்கைத் தட்டியபடி.

பாதுகாக்கப்பட்டது என்று
அனுமதித்தாளில் அச்சடித்திருக்கிறது.
எதனிடமிருந்து என்று இல்லை.

காலாங் பக்கம் கண்காட்சிக் கூடம்.
ஐந்து மணிக்குள் இறக்கியாக வேண்டும்.
தீவு விரைவுச்சாலையில் மராமத்து,
பாலஸ்தியர் சாலைக்குத் திருப்பிவிட்டார்கள்.

அந்தச் சாலையோரத் தகவல் பலகையை
பஸ்ஸுக்கு நின்றபோதெல்லாம் படித்திருக்கிறேன்:
இங்கே ஒரு காலத்தில் கரும்பு நட்டார்கள்.
கட்டுப்படியாகவில்லை. விற்றுவிட்டுப் போனார்கள்.
இப்போது விளக்குக் கடைகள்.
மூடிய கண்ணாடிக்குப் பின்னால்
யாருக்கும் எரியாமல் தொங்கும் நூறு சரவிளக்குகள்,
ஒரே ஒரு கடையில் மட்டும் அணைக்க மறந்த ஒன்று.
அதன் மஞ்சள், பச்சைப் பெயிண்டின் மேல்
மெல்ல ஊர்ந்து புகைபோக்கி வரை போனது.

மணிக்குப் பத்து கிலோமீட்டர்.
ஆலைக்குப் போகும்போதும் அது
இதே வேகத்தில்தான் போயிருக்கும்.

வாம்போ சந்தைக்குத் திரும்பும் முனையில்
நாடா தொட்டது.
தூங்குமூஞ்சி மரம்,
இலை மூடி அயர்ந்த தூக்கத்தில்
ஒரு கையைச் சாலைக்கு நீட்டியிருந்தது.
ஊதினேன்.
எஞ்சினுக்கும் விசில் உண்டு, பித்தளையில்.
அதற்கு நீராவி வேண்டும்.
என்னுடையதற்கு மூச்சு போதும்.

கிளையை வெட்ட அனுமதி வேண்டும்.
அனுமதி தருபவர் தூங்குகிறார்.
நின்றோம்.

தள்ளுவண்டியில் கரும்புக் கட்டோடு வந்தார் ஆ செங்.
சந்தையில் சாறுக்கடை,
நான்கு மணிக்கே கரும்பு சீவ உட்கார்ந்துவிடுவார்.
லாரியை ஒருமுறை சுற்றினார்.
"எவ்வளவு இழுக்கும்?"
இருபது பெட்டி, பெட்டிக்கு மூன்று டன்,
தாளில் இருந்ததைச் சொன்னேன்.
விரல் மடக்கி ஹொக்கியனில் எண்ணினார்.
"ஒரு நடைக்கு லட்சம் கோப்பை."
கொஞ்சம் யோசித்து:
"ஐஸ் போட்டால் ஒன்றரை."
பிறகு, வியாபாரி அல்லவா,
"எலுமிச்சைக்குத் தனிக் காசு."

சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே
அவர் நகம் எதையோ சுரண்டியது.
பெயிண்டுக்குள் சிக்கியிருந்த சக்கைத் துணுக்கு,
பச்சை பூசிய ஒரு கரும்பு நார்.
துருவைத் தேய்த்தவர்கள்
இதை மட்டும் கவனிக்கவில்லை.
முகர்ந்து பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.
கீழே போடவில்லை, எங்கிருந்து எடுத்தாரோ
அங்கேயே செருகினார்.

கரும்பு தின்னக் கூலியா என்று கேட்டவர்
ஒருநாளும் அதை வெட்டியிருக்க மாட்டார்.
ஆ செங்கின் உள்ளங்கையில்
பழைய தழும்புகள் குறுக்கும் நெடுக்குமாக.

நான்கு இருபதுக்கு ஃபோன் வந்தது:
வெட்டக் கூடாது. உயர்த்திப் பிடிக்கலாம்.
அளக்க வந்த மூங்கிலைக் கிளைக்கு முட்டுக் கொடுத்தேன்.
ஆ செங்கும் ஒரு கை போட்டார்.
ஜுரைமி அங்குலம் அங்குலமாக நகர்த்தினான்.
மூடிய இலைகள்
கொதிகலனின் முதுகை நெடுக உரசின,
சர்ர்ரென்று, நிற்காமல்,
இரண்டு பக்கமும் கரும்பு நிற்பதுபோல.
இரும்புக்கு எதுவும் தெரியாது.
எனக்குத்தான் மயிர்க்கூச்செறிந்தது.

அன்றைய முதல் கோப்பைகள் எங்களுக்கு.
காசு வாங்கவில்லை.

படிவத்தில் தாமதம் ஐம்பத்திரண்டு நிமிடம்,
காரணம் என்ற கட்டத்தில்
மரம் என்று எழுதினேன்.
தாள் விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது.